கார் கண்ணாடி வேர்த்தால் தரை மேட்டைத் தூக்கிப் பாருங்கள்

(வாகனம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு மன்னார்குடியில் டிங்கரிங் பட்டறை நடத்துபவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்களுடையது எட்டு வருஷத்துப் பழைய கார். ஐப்பசி பிறந்தாலே உள்பக்கக் கண்ணாடி முழுக்க நீர் கோத்துக்கொள்கிறது. ராத்திரி வாசலில் நிறுத்திவிட்டுக் காலையில் திறந்தால், யாருமே உட்காராத வண்டியிலும் கண்ணாடி நனைந்து கிடக்கிறது. ஊறல் நாற்றம் வேறு. பெர்ஃப்யூம் பாட்டில் வைத்தும் போகவில்லை. என் மாமியாருக்கு ஆஸ்துமா, வண்டியில் ஏறினாலே இருமுகிறார். சிலர் கல் உப்பு வைக்கச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, நீடாமங்கலம்

பதில்: அம்மா, நாலு பேர் ஏறிக் கதவை மூடினால் மூச்சுக் காற்றிலேயே கண்ணாடி மங்கும். அது எல்லா வண்டியிலும் உண்டு. ஆள் இல்லாத வண்டியிலும் காலையில் கண்ணாடி நனைந்திருக்கிறது என்கிறீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் வண்டிக்குள் எங்கேயோ தண்ணீர் தேங்கியிருக்கிறது. பகல் சூட்டில் அது ஆவியாகிறது, ராத்திரி கண்ணாடி குளிர்ந்ததும் அதன்மேல் படிகிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வெளியே வேர்ப்பது மாதிரிதான். 30 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 20 டிகிரிக்கு இறங்கினால் 17 கிராம்தான் தாங்கும். மிச்சம் எங்கே போகும்? முதலில் குளிர்கிற இடமான கண்ணாடிக்குத்தான்.

அதனால் கண்ணாடியைத் துடைப்பதும் வாசனை பாட்டில் வைப்பதும் அப்புறம். முதலில் காலுக்கு அடியில் கிடக்கும் தரை மேட்டைத் (மிதியை) தூக்கிவிட்டு, கார்ப்பெட்டை உள்ளங்கையால் பலமாக அழுத்திப் பாருங்கள். கார்ப்பெட்டுக்கு அடியில் கனமான பஞ்சு இருக்கிறது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அழுத்தினால் தண்ணீர் கசியும். புது வண்டி வாங்கும்போதே தரை முழுக்க லெதர் மாதிரி ஒன்றைத் தைத்து ஒட்டிவிடுகிறார்களே, 7டி மேட் என்று, அது இருந்தால் கட்டாயம் கழற்றிப் பார்க்க வேண்டும். நம் டெல்டா மண்ணுக்கு அது ஆகவே ஆகாது என்பது என் தீர்மானமான கருத்து. அடியில் இறங்கிய ஈரம் மேலே வர வழியே இல்லாமல் தகட்டோடு கிடக்கும். மேலே பளபளவென்று இருக்கும் வண்டியில் அடித் தகடு ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் ஓட்டை விழுகிற அளவுக்கு அரித்துக் கிடப்பதைப் பட்டறையில் பார்க்கிறேன். பார்க்கும்போது வயிறு எரிகிறது.

எந்தப் பக்கம் ஈரம் என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். முன்னால் இடது பக்கம், டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் கால் வைக்கும் இடம் நனைந்திருந்தால் முதலில் ஏசி தண்ணீர்க் குழாயைச் சந்தேகப்படுங்கள். ஏசி ஓடும்போது காற்றிலிருந்து பிரிகிற தண்ணீர் ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கால் மணி நேரம் ஏசி ஓடியும் அடியில் ஒரு சொட்டு விழவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கிறது. சேறு அடைக்கும், குளவிகூட அதில் கூடு கட்டிவிடும். அடைத்தால் அந்தத் தண்ணீர் முழுக்க உள்ளேதான் இறங்கும். அடியில் இருந்து குத்திச் சுத்தம் செய்தால் தீர்ந்தது, பெரிய செலவு இல்லை.

ஏசி போடாத நாளிலும், மழை பெய்த மறுநாள் மட்டும் நனைகிறது என்றால் வைப்பருக்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் சல்லடை மூடியைப் பாருங்கள். வேப்ப மரத்தடியிலோ புங்க மரத்தடியிலோ நிற்கிற வண்டி என்றால் உள்ளே சருகு மட்கி எருவாகவே ஆகியிருக்கும். ஒரு சொம்பு தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சற்று நேரத்தில் முன் சக்கரத்துக்குப் பின்னால் தரையில் வடிய வேண்டும். வடியவில்லையா, சருகை அள்ள வேண்டும்.

அடுத்தது கதவு. இறக்கி ஏற்றுகிற கண்ணாடி வழியே மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது சகஜம். கீழ் விளிம்பில் உள்ள ஓட்டைகள் வழியாக அது வெளியேற வேண்டும். துருவுக்கு மருந்து அடிக்கிறேன் என்று அந்த ஓட்டைகளையும் சேர்த்துப் பூசி அடைத்துவிட்ட வண்டிகள் உண்டு. ஸ்பீக்கர் மாட்டும்போது கதவின் உள்பக்க பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிடுவதும் உண்டு, அந்தக் கிழிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிப் பாருங்கள். அந்தக் குழியில் தண்ணீர் நின்றால் டெயில் லைட் ரப்பரோ டிக்கி ஓரத்து ரப்பர் பீடிங்கோ போயிருக்கிறது.

நீடாமங்கலம் என்பதால் இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. டிக்கியில் நெல் ஏற்றுகிறீர்களா? கொள்முதல் நிலையத்தில் வழக்கமாக 17 சதவீத ஈரப்பதம் வரைதான் எடுப்பார்கள். அந்தப் பதத்து நெல்லிலேயே 40 கிலோ மூட்டைக்குக் கிட்டத்தட்ட 7 கிலோ தண்ணீர் இருக்கிறது. அறுவடையான ஈர நெல்லோ நனைந்த சாக்கோ ஒரு ராத்திரி வண்டிக்குள் இருந்தால் காலையில் கண்ணாடி வேர்க்காமல் என்ன செய்யும்?

தண்ணீர் வரும் வழியை அடைத்த பிறகுதான் உலர்த்த வேண்டும். வழியை அடைக்காமல் உலர்த்துவது வீண் வேலை. சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டை உருவி, பஞ்சைத் தனியாக வெயிலில் போட வேண்டும். மழைக்கு நடுவே நல்ல வெயில் அடிக்கும் நாட்களாகப் பாருங்கள். இதை வீட்டில் செய்யாதீர்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, விவரம் தெரிந்தவர்தான் அதைத் தொட வேண்டும். தகட்டில் துரு இருந்தால் அப்போதே சுரண்டி பிரைமர் அடித்துவிடுங்கள்.

கல் உப்பைப் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம் அம்மா. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் உப்பு தண்ணீரை இழுக்கத் தொடங்கும், தாண்டியதும் தானே கரைந்து உப்புத் தண்ணீராகிவிடும். நம் மழைக்கால ராத்திரிகளில் அது நடக்கும். கிண்ணம் கவிழ்ந்தால் அந்த உப்புத் தண்ணீர் நேரே தகட்டுக்குத்தான் போகும். சிலிக்கா ஜெல் பாக்கெட் கெடுதல் செய்யாது. ஆனால் பஞ்சில் லிட்டர் கணக்கில் தண்ணீர் இருக்கும்போது அது எந்த மூலைக்கு? அடுப்புக்கரி வைத்தால் ஊறல் வாடை கொஞ்சம் குறையும், ஈரத்தை அது பெரிதாக எடுக்காது.

உங்கள் மாமியாருக்காக ஒரு வார்த்தை. அந்த ஊறல் நாற்றம் பூஞ்சை நாற்றம். ஆஸ்துமாக்காரர்களுக்குப் பூஞ்சை ஆகாது. தரை காய்ந்ததும், உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை மாற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் டேஷ்போர்டு டிராயருக்குப் பின்னால் இருக்கும், கையாலேயே எடுத்துவிடலாம். வீடு வந்து சேர ஐந்து நிமிஷம் இருக்கும்போதே ஏசியை அணைத்துவிட்டு ப்ளோயரை மட்டும் ஓட விடுங்கள். உள்ளே இருக்கும் கூலிங் காயில் காய்ந்துவிட்டால் பூஞ்சை பிடிக்காது. இதெல்லாம் முடியும்வரை அவரை அந்த வண்டியில் ஏற்றாதீர்கள்.

கேள்வி: விடியற்காலையில் நாகப்பட்டினத்திலிருந்து சவாரி போகிறேன். ஏசி போட்டாலும் முன் கண்ணாடி மங்குகிறது. துணியால் உள்ளே துடைத்தால் போகவில்லை.
– டாக்சி ஓட்டுநர், நாகப்பட்டினம்

பதில்: தம்பி, உள்ளே துடைத்துப் போகவில்லை என்றால் மங்கியிருப்பது வெளிப்பக்கம். கடற்காற்றில் ஈரம் அதிகம். உள்ளே ஏசி கண்ணாடியைக் குளிர வைக்கிறது, வெளிக் காற்று அதன்மேல் நீராகப் படிகிறது. வைப்பரை ஒரு தடவை போடுங்கள், காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பாமல் முகத்துக்கு வையுங்கள், குளிரைக் குறையுங்கள். மழையில் உள்பக்கம் மங்கினால் நேர் எதிர் வேலை: ஏசியைப் போட்டு, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்புங்கள். வெளிக் காற்றை எடுக்காமல் உள்காற்றையே சுற்றவிடும் ரீசர்குலேஷனை மட்டும் போட்டுவிட்டு ஏசியை அணைத்து ஓட்டக் கூடாது, பயணிகளின் மூச்சு முழுக்க உள்ளேயே சுற்றும். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று மழையில் ஏசியை அணைக்காதீர்கள். எதிரே வருகிற சைக்கிள்காரர் தெரியாமல் போய்விடுவார்.

உள்கண்ணாடியில் பிசுபிசுப்பாக ஒரு படலம், கூடவே இனிப்பு வாடை என்றால் அது மழை ஈரம் இல்லை. ஹீட்டரிலிருந்து கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம், கசிகிறது. கூடவே கூலண்டின் அளவும் குறைந்துகொண்டு வந்தால் அன்றைக்கே பட்டறைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: பழைய கார் ஒன்று விலைக்கு வருகிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். மேல்பகுதியைக் கழுவியிருப்பார்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். சீட் நகரும் தண்டவாளம், டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள ஸ்க்ரூ, ஸ்டெப்னிக் குழி, இந்த மூன்றிலும் துரு இருந்தால் சந்தேகம் உறுதி. கண்ணாடியை ஏற்றி, கதவை மூடி, பத்து நிமிஷம் வெயிலில் நிறுத்திவிட்டு மூக்கை வைத்துப் பாருங்கள். உள்ளே வாசனை பாட்டில் இருந்தால் முதலில் அதை வெளியே எடுத்துவிடுங்கள். மேட்டைத் தூக்கிப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம்.