பேசிக்கை 20,000 ஆக்கினால் கணக்கு சரியாகிவிடுமா?

கேள்வி: கோவையில் 80 பேர் வேலை செய்யும் தனியார் நிறுவனத்தில் மனிதவள அலுவலராக இருக்கிறேன். ஏழு ஆண்டு பணியாற்றிய ஊழியர் ஒருவர் ராஜினாமா செய்திருக்கிறார். அவருடைய மாதச் சம்பளம் 40,000 ரூபாய்: பேசிக் 14,000, வீட்டு வாடகைப்படி 7,000, பயணப்படி 3,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 16,000. புதிய சட்டப்படி பாதித் தொகையான 20,000-ஐ வைத்து கிராஜுவிட்டி (பணிக்கொடை) கொடுத்தால் போதும் என்கிறார் கணக்காளர். செட்டில்மென்ட்டை வழக்கம்போல் 45 நாளில் முடிக்கலாமா? மாநிலச் சட்டங்கள் இனி செல்லாதா?

பதில்: கணக்காளர் சொல்வது தவறு. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி, விலக்குப் பட்டியலில் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட படிகளைத் தவிர மற்ற எல்லாமே ஊதியம்தான். வாடகைப்படி, பயணப்படி, ஓவர்டைம், கமிஷன், பி.எஃப்-இல் நிறுவனத்தின் பங்கு போன்றவை அந்தப் பட்டியலில் உண்டு. ஸ்பெஷல் அலவன்ஸ் இல்லை. விலக்குத் தொகைகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் மட்டுமே, தாண்டிய பகுதியை ஊதியத்தோடு சேர்க்க வேண்டும். 50 சதவீத விதி அவ்வளவுதான்; ஊதியத்துக்கு அது உச்சவரம்பு அல்ல.

உங்கள் ஊழியருக்கு விலக்கு பெறுபவை 7,000, 3,000 ஆக 10,000 மட்டுமே. ஊதியம் 30,000 ரூபாய். மாதத்துக்கு 26 வேலை நாள், ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் கிராஜுவிட்டியை 30,000 × 15 ÷ 26 × 7 என்று போட்டால் 1,21,154 ரூபாய் வரும். பழைய முறையில் பேசிக்கை மட்டும் எடுத்திருந்தால் 56,538 தான். கடைசியாக வாங்கிய ஊதியமே ஏழு ஆண்டுக்கும் அடிப்படை என்பதால்தான் இவ்வளவு வித்தியாசம். 20,000-ஐ வைத்துக் கொடுத்தால் மீதிக்கு அவர் வழக்குப் போடலாம், வட்டியும் சேரும்.

45 நாள் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். ராஜினாமாவாக இருந்தாலும், பணி விலகியதிலிருந்து இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பள பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும். கிராஜுவிட்டிக்கு மட்டும் 30 நாள் அவகாசம் உண்டு. இரண்டு நாளைத் தவறவிடும் நிறுவனங்கள் பெரும்பாலும், ஊழியரிடம் பாக்கி எதுவும் இல்லை என்று உறுதிசெய்யும் நோ-டியூஸ் படிவத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன. லேப்டாப், அடையாள அட்டை, முன்பணம் எல்லாவற்றையும் நோட்டீஸ் காலத்திலேயே சரிபார்த்து முடியுங்கள். அப்படியும் பிடித்தம் இருந்தால், சட்டம் அனுமதித்த இனங்களில் மட்டும், அந்தச் சம்பளத்தில் பாதிக்கு மிகாமல் பிடிக்கலாம்.

ஒப்பந்தக் காலம் குறித்து வேலைக்கு எடுத்தவர்களுக்கு, கிராஜுவிட்டிக்கான வழக்கமான ஐந்து ஆண்டு காத்திருப்பு இல்லை. ஓராண்டு முடித்தாலே கிராஜுவிட்டி உண்டு. அதற்கான தொகையை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

மாநிலச் சட்டங்கள் போய்விட்டன என்ற பேச்சை நம்பாதீர்கள். ரத்தானவை 29 மத்தியச் சட்டங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள் சட்டம் 1958 ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை. கடைகள் சட்டத்தின் 41-வது பிரிவின்படி, தொடர்ந்து ஆறு மாதம் பணியாற்றியவரைத் தகுந்த காரணமில்லாமல் நீக்க முடியாது. ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ கொடுத்தாக வேண்டும். முறையாக விசாரித்து ஒழுங்கீனம் நிரூபணமானால்தான் நோட்டீஸ் தேவையில்லை. நீக்கப்பட்டவர் மேல்முறையீடும் செய்யலாம்.

நிரந்தரத் தகுதி வழங்கும் 1981-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த 29-இல் சேராதது. 24 மாதங்களில் 480 நாள் பணி முடித்த தொழிலாளி அதன்படி நிரந்தரம் கோரலாம். தற்காலிகப் பணியாளர்களின் வருகைப் பதிவேட்டை எடுத்து யார் அந்த எண்ணிக்கையை நெருங்கியிருக்கிறார்கள் என்று இந்த வாரமே பாருங்கள்.