பதில்: முழங்கால் வலிக்குக் காரணம் சீட் உயரம்

தினமும் 6 கி.மீ. சைக்கிளில் வேலைக்குப் போகிறீர்கள், முழங்கால் சில்லைச் சுற்றி வலி, இரு பாதமும் தரையில் படும்படி சீட் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடைசி விஷயத்தில்தான் கோளாறு. சீட் தாழ்ந்திருந்தால் பெடல் மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும். மடங்கிய காலால் அழுத்தும்போது பாரமெல்லாம் சில்லுக்குப் பின்னால் ஏறும்.

சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை இறக்குங்கள். கால் அப்போது நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது 25 முதல் 35 டிகிரி மடிப்பு தானாகவே கிடைக்கும். ஒரேயடியாக ஏற்ற வேண்டாம். 5 மி.மீ. ஏற்றி, இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். இடுப்பு பக்கவாட்டில் ஆடினாலோ முழங்காலின் பின்புறம் இழுத்தாலோ ஏற்றியது அதிகம். சீட் கம்பியில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு மட்டும் வெளியே தெரியவே கூடாது. தெரிந்தால் கம்பி வளையும், ஃபிரேமும் விரிசல் விடலாம்.

கால் எட்டாதே என்ற பயம் நியாயமானது. ஆனால் சீட்டில் உட்கார்ந்தபடியே நிற்கத் தேவையில்லை. சைக்கிள் அன்றாட வாகனமாக இருக்கும் நெதர்லாந்தில் சிக்னலில் கவனித்தால் தெரியும், பலர் சீட்டைவிட்டு முன்னால் இறங்கித்தான் நிற்பார்கள். பிரேக் பிடித்து, கீழே இருக்கும் பெடலில் எடையைப் போட்டு, முன்னால் நகர்ந்து மற்ற காலை ஊன்றுங்கள். கிளம்பும்போது பெடலைக் கடிகாரத்தின் 2 மணி நிலைக்கு உயர்த்தி ஏறி மிதித்தால், அந்த வேகத்திலேயே உட்கார்ந்துவிடலாம்.

கியர் இருந்தால் இலகுவானதில் ஓட்டுங்கள். பெடல் நிமிடத்துக்கு 70 சுற்று சுற்றுவது நல்ல அளவு. வீக்கம் இருந்தால் இதையெல்லாம் விட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.