போக்சோ புகார் வந்தால் முதலில் என்ன செய்வது?

"அண்ணன் மேல் பொய்யான போக்சோ புகார். குழந்தையின் வீட்டாரிடம் பேசிப் பார்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு போன் போட்டாலும் சாட்சியைக் கலைக்கப் பார்த்ததாகச் சொல்லி ஜாமீனை எதிர்ப்பார்கள்.

குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் பிரிவு 29, குற்றம் நடந்ததாகவே அனுமானிக்கச் சொல்கிறது. ஆனாலும் அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிறுவியாக வேண்டும். அதனால் எஃப்ஐஆர், மாஜிஸ்திரேட்டிடம் குழந்தை தந்த வாக்குமூலம், மருத்துவ அறிக்கை மூன்றையும் தேதி, நேரம், இடம் வாரியாக வக்கீலோடு உட்கார்ந்து ஒப்பிடுங்கள். அண்ணன் அந்நேரம் வேறிடத்தில் இருந்திருந்தால் சிசிடிவி பதிவுதான் அவசரம். பழையதன் மேல் புதியது பதிந்து அழிந்துவிடும். பாதுகாத்து வைக்கச் சொல்லி இன்றே எழுத்தில் கேளுங்கள்.

குறுக்கு விசாரணையில் கேள்விகள் நீதிபதி வழியாகவே குழந்தைக்குப் போகும். மிரட்டலோ, நடத்தையைப் பழிப்பதோ கூடாது; அது நியாயமுமல்ல.