வீட்டு இங்க்ஜெட் பிரிண்டருக்கு மலிவான போட்டோ பேப்பரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

போட்டோ பேப்பர் என்பது மையைப் பரவவிடாமல் பிடித்துக்கொள்ளும் மேற்பூச்சு உள்ள தாள். சாதாரணத் தாளில் மை நார்வழியே ஓடி, அப்பத்தா முகத்தின் ஓரம் கலங்கிவிடும். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைப் பாருங்கள்: உள்ளே செங்கல்தான், பளபளப்பு, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சால் வருவது. தாளிலும் அப்படியே.

ஆல்பத்துக்கு 180 ஜிஎஸ்எம் எடையுள்ள கிளாஸி (பளபளப்பான) தாள், 4×6 அங்குலத்தில் சின்ன பாக்கெட் ஒன்று வாங்கிச் சோதியுங்கள். ஈரவிரலால் மூலையைத் தொட்டால் லேசாக ஒட்டும் பக்கமே பூச்சுப் பக்கம். மாற்றி வைத்தால் வீண். பிரிண்டர் செட்டிங்கில் பேப்பர் வகையைக் கிளாஸி என்று மாற்றுவது மிக முக்கியம். பிளெயின் (சாதாரணத் தாள்) என்றே விட்டால் பல பிரிண்டர்களில் கறுப்பு மை ஒட்டாமல் விரலோடு வரும்.

ஜிஎஸ்எம் கூடினால் படம் தெளிவாகும் என்று பலர் நினைப்பது தவறு. அது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை மட்டுமே.