சமமான எதிர்விசை இருந்தும் வண்டி எப்படி நகர்கிறது?

கேள்வி: ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்கிறது நியூட்டனின் மூன்றாம் விதி. குதிரை இழுக்கும் அதே அளவு விசையோடு வண்டியும் குதிரையைப் பின்னோக்கி இழுக்குமானால், இரண்டும் சரிக்குச் சரியாகி, வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் அல்லவா?

பதில்: மிக நல்ல ஐயம். 1687-இல் தம் விதிகளை வெளியிட்ட நியூட்டனே, கயிற்றில் கட்டிய கல்லை இழுக்கும் குதிரையைத்தான் இவ்விதிக்கு எடுத்துக்காட்டாகத் தந்தார்.

விசையும் எதிர்விசையும் எப்போதும் இரு வேறு பொருள்களின் மீது செயல்படுகின்றன என்பதே இவ்விதியின் உயிர்நாடி. ஒரு பொருள் நகருமா என்று அறிய, அதன் மீது செயல்படும் விசைகளை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும்.

200 கிலோகிராம் நிறையுள்ள வண்டியைக் குதிரை 300 நியூட்டன் விசையோடு முன்னோக்கி இழுப்பதாகவும், உராய்வு 200 நியூட்டன் விசையோடு அதைத் தடுப்பதாகவும் கொள்வோம். எஞ்சும் 100 நியூட்டன் விசை, விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம் (வேகம் கூடும் வீதம்) கிடைக்கும் என்னும் நியூட்டனின் இரண்டாம் விதிப்படி, வண்டிக்கு நொடிக்கு நொடி 0.5 மீட்டர் என்ற முடுக்கத்தைத் தருகிறது. வண்டி பின்னோக்கி இழுக்கும் 300 நியூட்டன் குதிரையின் கணக்கில் சேர வேண்டியது. அதை வண்டியின் கணக்கில் கழிப்பதால்தான் குழப்பம் வருகிறது. குதிரையின் நிறை 400 கிலோகிராம் என்றால், அதுவும் வண்டியோடு சேர்ந்து அதே முடுக்கத்தில் செல்ல 200 நியூட்டன் மிஞ்ச வேண்டும். ஆகவே குளம்புகள் தரையைப் பின்னோக்கி 500 நியூட்டன் விசையோடு உதைக்க, தரை அதே அளவு விசையோடு குதிரையை முன்னோக்கித் தள்ளுகிறது. உராய்வற்ற பனித்தளத்தில் தரையின் இந்த உதவி கிடைக்காது என்பதால், எவ்வளவு வலிமையான குதிரையும் அங்கே கால் வழுக்கி நிற்கும்.

இதே இடறல் மேசை மேலுள்ள நூலைப் பற்றியும் பலருக்கு நேர்கிறது. நூலின் எடையும் மேசை அதை மேல்நோக்கித் தாங்கும் விசையும் சமமாக இருப்பதைக் கண்டு, அவற்றை விசை, எதிர்விசை இணை என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே நூலின் மீதுதான் செயல்படுகின்றன என்பதால் அவை இணையாக முடியாது. மேசையை லிஃப்டில் வைத்து மேல்நோக்கி வேகமெடுக்கச் செய்தால், மேசை தரும் விசை எடையை மிஞ்சிவிடுவதையும் காணலாம். எடையின் உண்மையான எதிர்விசை, நூல் பூமியைத் தன்னை நோக்கி ஈர்க்கும் விசையே.

கேள்வி: காற்றே இல்லாத வெளியில் ராக்கெட் எதை உதைத்து முன்னேறுகிறது?

பதில்: தான் வெளியேற்றும் வாயுவைத்தான். ராக்கெட் வாயுவைப் பின்னோக்கித் தள்ள, வாயு ராக்கெட்டை முன்னோக்கித் தள்ளுகிறது. இதற்குக் காற்று தேவையில்லை, சொல்லப்போனால் காற்று தடையே. வெற்றிடத்தில் ராக்கெட் இயங்காது என்று 1920-இல் அமெரிக்க ராக்கெட் முன்னோடி ராபர்ட் காடர்டைக் கண்டித்துத் தலையங்கம் எழுதிய நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், அப்பல்லோ 11 நிலவை நோக்கிப் புறப்பட்ட மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, அதற்குத் திருத்தம் வெளியிட்டது.