மேசைக்கு நான்கு பேர்

இந்த வாரக் கடிதங்களில் பாதி, ஓட்டல் சாப்பாட்டைப் பற்றியவை. கணக்குத் தணிக்கை வேலையில் 26 ஆண்டுகள் கம்பெனி கம்பெனியாக அலைந்து, வீட்டைவிட ஓட்டலில் அதிகம் சாப்பிட்டவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அலுவலகத்தில் 16 பேர் சேர்ந்து பெரிய ஓட்டலுக்குப் போனோம். சாப்பாட்டில் குறையே இல்லை. ஆனால் மறுநாளே எதுவும் மனதில் நிற்கவில்லை. நண்பர்கள் நால்வராகச் சாதாரணக் கடையில் சாப்பிட்டதோ பத்து ஆண்டாகியும் மறக்கவில்லை. ஏன்?

பதில்: அந்த 16 பேரில் நீங்கள் பேசியது எத்தனை பேரிடம்? இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், எதிரில் ஒருவர். மற்ற 12 பேரும் உங்களைப் பொறுத்தவரை பக்கத்து மேசைக்காரர்கள்தாம். ஒரே பேச்சில் சுமார் நான்கு பேர்தான் ஒட்டிக்கொண்டு இருக்க முடியும், அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும் என்கிறார் ஆய்வாளர் ராபின் டன்பார். பெரிய கூடத்தின் இரைச்சல் வேறு. சுற்றிலும் சத்தம் கூடினால் நம்மை அறியாமலே குரலை உயர்த்திவிடுகிறோம். இதை எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் எழுதிவைத்தார். ஒரு மேசை குரலை உயர்த்த, அடுத்த மேசையும் உயர்த்த, கடைசியில் எல்லோரும் கத்துகிறோம், யார் பேசுவதும் யாருக்கும் கேட்பதில்லை. கேட்காத பேச்சு எப்படி நினைவில் நிற்கும்?

என் நினைவில் நிற்கும் சாப்பாட்டைச் சொல்கிறேன். ஒரு கம்பெனியில் தணிக்கை முடிந்த இரவு. நாங்கள் மூவர், கூடவே அந்தக் கம்பெனியின் கணக்கர். காணாமல் போன ஒரு வவுச்சருக்காக வாரம் முழுவதும் அவரைப் படுத்தி எடுத்திருந்தோம்; "ஆகட்டும் சார்" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. ஓட்டலில் அடுப்பை அணைக்கும் நேரம். நாங்கள் கேட்டது எதுவும் இல்லை, மிச்சம் இருந்ததைக் கொண்டுவந்து வைத்தார்கள். பாதியில் மின்சாரமும் போனது. சர்வர் ஒரு டார்ச் விளக்கைக் கண்ணாடி டம்ளருக்குள் நிறுத்திவைத்துவிட்டுப் போனார்.

அந்த அரைவெளிச்சத்தில் கணக்கருக்கு எங்கிருந்தோ துணிச்சல் வந்தது. எங்கள் மேலதிகாரி கட்டைவிரலை நாக்கில் தொட்டுப் பேரேட்டைப் புரட்டுவதை அப்படியே நடித்துக் காட்டினார். இரண்டு நொடி மயான அமைதி. பிறகு மேலதிகாரியே சிரிக்க ஆரம்பித்து, புரையேறி, தண்ணீர் மூக்கு வழியாக வந்துவிட்டது. அன்று என்ன சாப்பிட்டோம் என்று எங்கள் மூவரையும் கேட்டால் மூன்று பதில் வரும். கட்டைவிரல் விஷயத்தில் மட்டும் கருத்து வேறுபாடு கிடையாது.

அடுத்த முறை 16 பேர் போவதானால் நான்கு மேசை கேளுங்கள்.

கேள்வி: நான் குறைவாகச் சாப்பிடுகிறவள். தோழிகள் பில்லைச் சமமாகப் பிரிக்கிறார்கள். சொல்லவும் கூச்சம், கொடுக்கவும் வருத்தம்.

பதில்: உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில் உரி நீசியும் இரண்டு சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சமமாகப் பிரிப்போம் என்று சொல்லப்பட்டவர்கள், தனித்தனியே பணம் கொடுத்தவர்களைவிடக் கூடுதலாக ஆர்டர் செய்தார்கள். எப்படிக் கொடுக்க விருப்பம் என்று முன்கூட்டியே கேட்டபோதோ, பெரும்பாலோர் தனித்தனியே என்றுதான் சொன்னார்கள். உங்கள் தோழிகளிலும் வாய் திறக்காமல் வருந்துகிறவர் இன்னும் இருவராவது இருப்பார்கள். பில் வந்த பிறகு சொன்னால் கஞ்சத்தனமாகத் தெரியும். உட்கார்ந்ததுமே சர்வரிடம் "எனக்குத் தனி பில்" என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எதை ஆர்டர் செய்தாலும் பக்கத்தில் இருப்பவர் தட்டே நன்றாகத் தெரிகிறதே?

பதில்: நீங்கள் கடைசியாகச் சொல்கிறவரா? டான் ஏரியலி, ஜோனதன் லெவாவ் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், மேசையில் ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டு ஆர்டர் செய்தவர்கள் முன்னவர் சொன்னதைத் தவிர்த்து வேறொன்றைக் கேட்டார்கள். கிடைத்ததில் அவர்களுக்குத் திருப்தியும் குறைவு. முதலில் சொன்னவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆகவே முந்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், அவர் கேட்டதையே வெட்கப்படாமல் நீங்களும் கேளுங்கள்.

கேள்வி: மேலாளரும் கூட வந்தால் மேசையே ஊமையாகிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: அவரைத் தலைமாட்டில் உட்கார வைக்காதீர்கள், நடுவில் வையுங்கள். முதல் பத்து நிமிடத்துக்கு யாரும் வேலையைப் பற்றிப் பேசக் கூடாது. அப்போதும் பேச்சு எழவில்லையா? பில்லை அவர் பக்கம் நகர்த்திவையுங்கள்.