வாசகர் கேள்விகள்: ஓடுகிறவர் ஷூவும் அதன் சோலும்

கேள்வி: மாரத்தான் ஷூ வாங்கப் போனேன். கடைக்காரர் ஒரு ஜோடியைக் காட்டி, "இதுல 87 சதவீத சக்தி திரும்பக் கிடைக்கும், களைப்பே தெரியாது" என்றார். விலையைக் கேட்டதும் திரும்பி வந்துவிட்டேன். அவர் சொன்னது உண்மையா? (ஒரு வாசகர், திருச்சி)

87 என்ற எண் உண்மைதான், அவர் அதற்குச் சொன்ன அர்த்தம்தான் தவறு. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், போல்டர் நகரில், நைக்கியின் வேப்பர்ஃப்ளை ஷூவின் முன்மாதிரியைச் சோதித்தார்கள். 2017 இறுதியில் முடிவு வெளிவந்தது. ஓடும்போது கால் அழுத்துகிற அளவுக்கு ஒரு இயந்திரத்தால் சோலை அமுக்கிவிட்டு விட்டபோது, அமுக்கச் செலவான ஆற்றலில் 87 சதவீதம் திரும்பி வந்தது. அதே சோதனையில் அடிடாஸின் பூஸ்ட் ஷூ சுமார் 76 சதவீதம், நைக்கியின் பழைய பந்தய ஷூ ஒன்று சுமார் 66 சதவீதம். மிச்சம் எல்லாம் சோலுக்குள் வெப்பமாகப் போய்விடும். ஆக இது சோல் வாங்கியதில் எவ்வளவைத் திருப்பிக் கொடுக்கிறது என்ற கணக்கு, உங்கள் உடல் செலவழிக்கிற சக்தியின் கணக்கு அல்ல.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 76க்கும் 87க்கும் வித்தியாசம் 11 தானே, அதற்கா இத்தனை ஆரவாரம் என்று தோன்றலாம். சதவீதத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தப் புதிய சோல் பழையவற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆழமாக, கிட்டத்தட்ட 12 மில்லிமீட்டர் அமுங்கியது. அமுங்கினால்தானே சேமிக்க முடியும்! கெட்டியான சோல் வாங்கியதை எவ்வளவு நேர்மையாகத் திருப்பிக் கொடுத்தாலும், வாங்கியதே கொஞ்சம் என்றால் கிடைப்பதும் கொஞ்சம்தான். கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு காலடிக்கும் புதிய ஷூ ஏழரை ஜூல் (ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு) அளவுக்குத் திருப்பிக் கொடுத்தது, மற்ற இரண்டும் அதில் பாதிதான் கொடுத்தன. நன்றாக அமுங்கவும் வேண்டும், அமுங்கியதை வீணாக்காமல் திருப்பவும் வேண்டும், எடையும் ஏறக் கூடாது. இந்த மூன்றும் ஒரே பொருளில் சேர்ந்ததைத்தான் உண்மையான சாதனை என்பேன்.

சரி, உடலுக்கு எவ்வளவு மிச்சம்? 18 ஓட்டக்காரர்களை ஓடவிட்டு அவர்கள் உட்கொண்ட ஆக்சிஜனை அளந்தார்கள். மற்ற இரண்டு ஷூக்களைவிடச் சராசரியாக 4 சதவீதம் சக்தி மிச்சம். அவ்வளவுதான் என்று உதட்டைப் பிதுக்காதீர்கள், உச்சத்தில் ஓடுகிறவர்களுக்கு 4 சதவீதம் மலை. ஆனால் 87 எங்கே, 4 எங்கே! உங்கள் காலிலேயே இதைவிடப் பெரிய வில் இருக்கிறது. குதிகாலுக்கு மேலே போகிற தடித்த தசைநாண் ஒவ்வொரு அடியிலும் சுமார் 35 ஜூல், பாதத்தின் வளைவு சுமார் 17 ஜூல் சேமிக்கின்றன என்று மெக்நீல் அலெக்சாண்டர் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளரின் குழு 1987லேயே கணக்கிட்டுச் சொல்லிவிட்டது. ஷூ அதற்குத் துணைதான்.

கேள்வி: இந்த ஷூவின் சோலுக்குள் இருக்கும் கார்பன் தகடுதானே ஸ்பிரிங் மாதிரி தள்ளுகிறது? (ஒரு வாசகி, கோவை)

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், விளம்பரங்களும் அப்படி நினைக்க வைத்தன. கொலராடோ ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான ஹூக்காமர், பிறகு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார். அதே ஷூவின் தகட்டைக் குறுக்கே பல இடங்களில் வெட்டி அதன் விறைப்பைக் குறைத்துவிட்டு ஓடவிட்டார்கள். ஆக்சிஜன் செலவில் ஒரு சதவீதம்கூட வித்தியாசம் தெரியவில்லை. ஆக பெரும்பகுதி வேலை ஃபோமுடையது, அதாவது சோலில் இருக்கும் மெத்தென்ற பொருளுடையது. தகடு வீண் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு மெத்தென்ற, உயரமான சோல் தடுமாறாமல் நிற்கவும், கால்விரல் மூட்டு அளவுக்கு மேல் வளையாமல் இருக்கவும் அது உதவுகிறது. ஆனால் "கார்பன்" என்ற ஒரே சொல்லுக்காக, சாதாரண ஃபோமில் தகடு செருகிய ஷூவுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஃபோம் ஃபோம் என்கிறீர்கள், அது என்ன பொருள்? (ஒரு மாணவர், யாழ்ப்பாணம்)

1970களிலிருந்து ஓட்ட ஷூக்களில் கோலோச்சியது ஈவிஏ என்ற பிளாஸ்டிக் ஃபோம். லேசானது, மலிவானது, ஆனால் நிறைய ஆற்றலை விழுங்கிவிடும். 2013ல் அடிடாஸும் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் வேதிப்பொருள் நிறுவனமும் டிபியு என்ற பிளாஸ்டிக்கைச் சின்னச் சின்ன மணிகளாகப் பொங்கவைத்து, நீராவியால் ஒட்டவைத்து பூஸ்ட் சோலைக் கொண்டுவந்தார்கள். துள்ளல் நன்று, எடை அதிகம். அப்புறம் வந்தது பீபா என்ற இன்னொரு பிளாஸ்டிக். இதன் மூலக்கூறுச் சங்கிலியில் ஒரு துண்டு கெட்டி, ஒரு துண்டு மென்மை என்று மாறி மாறி வரும். அதனால் இழுபட்டாலும் உள்உரசல் குறைவாக, அதாவது வெப்பமாகப் போவது குறைவாக, பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது. வேப்பர்ஃப்ளையின் ஃபோம் இந்த வகைதான்.

கேள்வி: நிஜமான எஃகு ஸ்பிரிங்கையே சோலில் வைத்துவிடலாமே? 87 என்ன, 95கூட வரும்! (ஒரு வாசகர், கோவில்பட்டி)

நல்ல கேள்வி, பொறியாளர்களும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். முதல் தடை எடை. ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் ஓடும் செலவு சுமார் ஒரு சதவீதம் கூடிவிடும். ஸ்பிரிங் கொடுப்பதை அதன் எடையே தின்றுவிடும். இரண்டாவது நேரம். வேகமாக ஓடுகிறவரின் கால் தரையில் இருப்பது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். அதற்குள் அமுங்கி, கால் கிளம்புகிற அதே கணத்தில், விரல் பக்கமாகத் தள்ள வேண்டும். குதிகாலுக்கடியில் சீக்கிரமே விரிந்துவிட்டால் எத்தனை சதவீதம் திரும்பினாலும் அது உங்களை முன்னே கொண்டுபோகாது.

இங்கே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஓடுதளத்தைச் சொல்லியே ஆக வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 1977ல் தாமஸ் மக்மஹன், பீட்டர் கிரீன் என்ற இருவர், ஓடுகிறவரின் காலின் விறைப்பைக் கணக்கிட்டு அதற்கு ஏற்ற அளவில் மட்டும் இளகுகிற உள்ளரங்கத் தளத்தை வடிவமைத்தார்கள். ஓட்டக்காரர்களின் வேகம் 2 முதல் 3 சதவீதம் கூடியது, காயங்களும் குறைந்தன. ஷூவில் இன்று செய்வதை அன்றே தரையில் செய்துகாட்டினார்கள்!

மூன்றாவது தடை விதி. 2020 ஜனவரியில் உலக தடகள அமைப்பு, சாலை ஓட்டத்துக்கான சோலின் உயரம் 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, உள்ளே ஒரு விறைப்பான தகடுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு போட்டுவிட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2019 அக்டோபரில், கென்யாவின் எலியுட் கிப்சோகே வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடியது நினைவிருக்கும், அவர் காலில் இருந்ததும் இந்தக் குடும்பத்து ஷூதான். (வேகம் கூட்ட முறைவைத்து ஓடிய துணை ஓட்டக்காரர்கள் இருந்ததால் அது சாதனைப் பட்டியலில் சேரவில்லை.) இந்த வரம்பை நான் முழுமனதாக வரவேற்கிறேன். இல்லாவிட்டால் போட்டி தொழிற்சாலைகளுக்கு இடையே நடக்கும்.

கேள்வி: நான் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாக ஓடுவேன். எனக்கு இந்த ஷூ தேவையா? (ஒரு வாசகி, சென்னை)

தேவையில்லை. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் அளந்த ஆய்வில் சராசரி பலன் ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்தது, சிலருக்குப் பலனே இல்லை. மேலும் இந்த ஃபோம் சீக்கிரம் களைத்துவிடும். சுமார் 450 கிலோமீட்டர் ஓடிய பிறகு அதன் கூடுதல் பலன் போய்விடுகிறது என்று ஓர் ஆய்வு சொல்கிறது. அதிக விலை கொடுத்து வாங்கி தினமும் பயிற்சிக்கு அணிந்தால், பந்தயம் வரும்போது அதில் விசேஷம் எதுவும் மிஞ்சாது. ஆசை விடவில்லை என்றால், முதலில் வாரம் ஒருமுறை குறைந்த தூரம் மட்டும் அணியுங்கள். பாதத்தின் மேற்புறம், கணுக்காலுக்கு முன்னே வலி வந்தால் அன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள், தகடு வைத்த ஷூ அணிந்த சில வீரர்களுக்கு அந்த இடத்து எலும்பில் அழுத்தக் காயம் வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.